விருந்தோம்பியா, பிறந்தகமா?

"விருந்தோம்பி இல்லாத குறுகிய காமாக் கதிர் வெடிப்புகள்." மெய்ப்புப் பார்க்க வந்த ஓர் அறிவியல் கட்டுரையில் இப்படி ஒரு துணைத்தலைப்பு. யாரோ பசியோடு வாசலில் நிற்க, வீட்டுக்காரர் கதவைச் சாத்திவிட்டதுபோல இருந்தது. காமாக் கதிர் வெடிப்பு என்பது தொலைதூர விண்வெளியிலிருந்து திடீரென்று பாய்ந்து வரும் உயர் ஆற்றல் கதிர். அது கிளம்பிய விண்மீன் திரளை ஆங்கிலத்தில் 'ஹோஸ்ட் கேலக்ஸி' என்பார்கள்; அந்த 'ஹோஸ்ட்'தான் இங்கே 'விருந்தோம்பி'. இந்த 'விருந்தோம்பி'யை நான் பார்ப்பது இது முதல்முறை அல்ல.

வேர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'காமா' கிரேக்க எழுத்துவரிசையில் மூன்றாவது. ஆல்ஃபா, பீட்டாவுக்கு அடுத்து வந்ததால் 1903இல் ரதர்ஃபோர்டு வைத்த பெயர். 'கேலக்ஸி' பாலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 'ஹோஸ்ட்' லத்தீனின் 'ஹோஸ்பெஸ்'. விருந்து தருபவர், விருந்தினர் இருவருக்கும் அங்கே அதே சொல்தான்.

அப்புறம் 'குறுகிய'. சந்து குறுகியது, மனம் குறுகியது என்போம். இங்கே சொல்ல வந்தது நேரத்தை: 2 நொடிக்குள் முடிந்துவிடுபவை. 'குறுநேர' என்றால் குழப்பமில்லை. 'குறுகிய' இன்னொரு கோளாறும் செய்கிறது. இந்தக் கதிர்கள் உண்மையிலேயே குறுகலான தாரையாகத்தான் பாய்கின்றன. ஆகவே விஷயம் தெரிந்தவர்கூட வேறு பொருளில் படித்துவிடுவார். (2 நொடிக் கணக்கும் கல்லில் எழுதியதல்ல. 2021 டிசம்பரில் ஒன்று ஏறத்தாழ ஒரு நிமிடம் நீடித்தும், குறுநேர வகைக்குரிய அடையாளத்தைக் காட்டியது.)

'வெடிப்பு' எனக்கு அரைமனதுதான். விண்மீன் வெடிப்பு என்பது சூப்பர்நோவாவுக்கு ஏற்கெனவே நிலைத்துவிட்ட பெயர். இங்கே கதிர் பீறிட்டு வருகிறது; பீறல் என்றே சொல்லலாம்.

சரி, விருந்தோம்பிக்கு வருவோம். தமிழில் விருந்து என்றால் முதலில் புதுமை. தொல்காப்பியமும் புதிய யாப்பில் அமைவதை விருந்து என்கிறது. முன்பின் தெரியாமல் வந்தவருக்கே அது பொருந்தும். குறுநேரப் பீறலைத் தருவது எது? ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (வெடித்துத் தீர்ந்த பெரிய விண்மீன்களின் அடர்ந்த மிச்சங்கள்) கடைசியில் மோதி இணைவது. அவை எங்கிருந்தோ வந்து தங்கியவை அல்ல. அந்த விண்மீன் திரளிலேயே பிறந்தவை. பெற்ற பிள்ளைக்குச் சோறு போடுவதை விருந்தோம்பல் என்று யாராவது சொல்வார்களா?

'ஓம்புநர்' என்று எழுதுபவர்களும் உண்டு. ஒட்டுண்ணி தங்கும் உயிருக்கு உயிரியலில் வைத்த பெயர் அது, அங்கே கச்சிதம். வானியலுக்குக் கொண்டுவந்தால் நியூட்ரான் விண்மீன் ஒட்டுண்ணியாகிவிடும்.

இந்த ஜோடிகள் வீட்டோடு இருப்பதும் இல்லை. நியூட்ரான் விண்மீன் உருவாகும் வெடிப்பிலேயே ஜோடிக்கு ஓர் உதை விழுகிறது. மோதலுக்கோ பல கோடி ஆண்டுகள் ஆகலாம், நூற்றுக்கணக்கான கோடியும் ஆகலாம். அதற்குள் ஜோடி திரளின் ஓரத்துக்கோ அதற்கு வெளியேயோ போய்விட முடியும். 2005 மே 9இல் ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் பிடித்த பீறலையே பாருங்கள். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட நீடிக்கவில்லை. அது வந்த திசைக்கு அருகில் தெரிந்தது ஒரு பெரிய நீள்வட்டத் திரள், ஏறத்தாழ 270 கோடி ஒளியாண்டுத் தொலைவில். பீறல் அதன் நடுவில் இல்லை, விலகி இருந்தது. இப்படிப்பட்ட இடத்தில், அந்தத் திரள் தற்செயலாக அங்கே தெரிவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டு, வாய்ப்பு மிகக் குறைவு என்றால்தான் இரண்டையும் முடிச்சுப் போடுகிறார்கள். 2017 ஆகஸ்ட் 17இல் வந்த பீறலோடு, மோதலில் எழுந்து வெளியில் பரவும் அதிர்வான ஈர்ப்பலையும் கூடவே வந்ததால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. 13 கோடி ஒளியாண்டு தள்ளியுள்ள என்.ஜி.சி. 4993 என்று திரளின் பெயரையே சொல்ல முடிந்தது.

ஆக, வானியலாளர் தேடுவது 'எங்கே தங்கியிருந்தது' என்பதை அல்ல, 'எங்கே பிறந்து கிளம்பியது' என்பதை. அதற்குத் தமிழில் சொல் ஆக்கவே வேண்டாம். பிறந்தகம் இருக்கிறது. பிறந்த வீட்டை விட்டு வேறிடம் போனவளுக்குத்தானே அந்தச் சொல் தேவைப்படுகிறது!

கோளைச் சுற்றவைக்கும் விண்மீனுக்கும் இதே 'ஹோஸ்ட்' வருகிறதே, அங்கே பிறந்தகம் பொருந்துமா என்று ஒரு நண்பர் மடக்கினார். பொருந்தாது. அங்கே 'தாய் விண்மீன்' என்று எழுதுங்கள். ஆங்கிலத்தில் ஒரு சொல் நான்கு வேலை செய்தால், தமிழிலும் ஒரே சொல்தான் அந்த நான்கையும் சுமக்க வேண்டும் என்ற பிடிவாதத்தால் வந்த வினை இது. அகராதியைத் திறந்து முதல் பொருளை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளரிடம் இதைச் சொன்னால், 'கலைச்சொல் சீர்மை' என்று பதில் வருகிறது.

துணைத்தலைப்பை 'பிறந்தகம் தெரியாத குறுநேரக் காமாக்கதிர்ப் பீறல்கள்' என்று திருத்தி அனுப்பினேன். 'பீறல்' மட்டும் மறுபடி வெடிப்பாகித் திரும்பி வந்தது.