வர்ணனையாளர்: நிறத்தில் பிறந்த சொல்

'வர்ணம்' என்றால் நிறம். அதிலிருந்து கிளைத்த வடசொல் 'வர்ணனா'. வண்ணம் தீட்டுவது, சொல்லால் தீட்டிக் காட்டுவது என இரண்டையும் அது குறிக்கும். தமிழ்ச் சொற்களில் 'ர்'க்குப் பின்னால் 'ண' வராது. அதனால் நடுவில் ஓர் உகரம் சேர்ந்து 'வருணனை' ஆயிற்று. காப்பியத்தில் மலையையும் கடலையும் பாடிய இந்தச் சொல்லைத்தான், வானொலி வந்த பிறகு, மைக்கின் முன் அமர்ந்து ஆட்டத்தைச் சொல்பவருக்கும் கொடுத்தோம்.

ஆங்கிலத்தின் 'கமென்டரி' வேறு வழியாக வந்தது. 'குறிப்பேடு' என்று பொருள்படும் லத்தீன் சொல்லே அதன் மூலம். நூலுக்கு எழுதும் விளக்கத்துக்கும் கால்பந்து ஆட்டத்தைச் சொல்வதற்கும் ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல்தான். தமிழ் இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. திருக்குறளுக்குப் பரிமேலழகர் எழுதியது உரை. ஆட்டத்துக்குச் சொல்வது வர்ணனை.

தனித்தமிழில் என்ன சொல்லலாம்? முதலில் நினைவுக்கு வருவது 'புனைந்துரை'. பெருங்காப்பியத்தின் இலக்கணம் கூறும் தண்டியலங்காரம், மலை, கடல், நாடு, நகர் ஆகியவற்றைப் 'புனைந்து' பாட வேண்டும் என்கிறது. அங்கே புனைதல் என்பது அழகுபடச் சொல்லுதல். இன்றோ 'புனைவு' என்றால் கற்பனை. மைக்கின் முன் இருப்பவர் செய்யவே கூடாத வேலை அது.

அதையும் செய்த காலம் ஒன்று உண்டு. 1938இல் இங்கிலாந்தில் நடந்த ஆஷஸ் டெஸ்ட்களை ஆஸ்திரேலிய வானொலியினர் தந்திச் செய்திகளை வைத்தே ஒலிபரப்பினார்கள். ஸ்டூடியோ மேசையில் ஒரு மரத்துண்டு இருக்கும். அதைப் பென்சிலால் தட்டினால் மட்டை பந்தைச் சந்திக்கும் ஓசை கேட்கும். பின்னாளில் அமெரிக்க அதிபரான ரொனால்ட் ரீகனும் 1930களில் அயோவா வானொலியில் தந்தியைப் பார்த்தே பேஸ்பால் ஆட்டங்களைச் சொன்னவர். ஒருநாள் நடுவில் தந்தி நின்றுவிட்டது. அடிப்பவர் பந்தை மீண்டும் மீண்டும் கோட்டுக்கு வெளியே தட்டிவிடுவதாகச் சொல்லிச் சொல்லி நிமிடங்களை ஓட்டினார். தந்தி திரும்பியபோதுதான், அந்த ஆட்டக்காரர் முதல் பந்திலேயே ஆட்டமிழந்திருந்தது தெரிந்தது. இதை அவரே பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். புனைந்துரை என்ற சொல் அந்த ஒலிபரப்புக்குத்தான் பொருந்தும்.

என் தேர்வு 'நேருரை'. நேர் என்பதற்கு எதிரே என்று பொருள். 'நேர்ந்தது' என்னும்போது நிகழ்ந்தது என்று பொருள். நேர்மையின் வேரும் அதுதான். கண்ணெதிரே நிகழ்வதை, நிகழும் கணத்திலேயே, உள்ளபடி உரைப்பது நேருரை. 1927 ஜனவரி 15 அன்று ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்தும் வேல்ஸும் மோதிய ரக்பி ஆட்டத்தை பிபிசிக்காகச் சொன்ன டெடி வேக்லம் இதற்குச் சரியான சான்று. அவர் முன்னால் பார்வையற்ற ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். ஊருக்கெல்லாம் பேச வேண்டாம், இவர் ஒருவருக்குச் சொன்னால் போதும் என்பது ஏற்பாடு. பந்து எங்கே, யாரிடம், எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் அந்த மனிதருக்கு முதலில் சொல்லியாக வேண்டும். அலங்காரத்துக்கு இடம் அதற்குப் பிறகே.

அப்படியானால் வருணனை என்ற சொல்லைக் கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை. இன்றைய ஒலிபரப்பு அறையில் பெரும்பாலும் இருவர் இருக்கிறார்கள். ஒருவர் ஆட்டத்தின் போக்கைச் சொல்வார். பக்கத்தில் இருக்கும் முன்னாள் வீரர் ஆட்டத்தின் நுட்பத்தையும் பழைய நினைவுகளையும் சேர்ப்பார். அமெரிக்கர்கள் இந்த இரண்டாமவரைக் 'கலர் கமென்டேட்டர்' என்றே அழைக்கிறார்கள். நிறம் சேர்ப்பவர்! வடமொழி வேர் சொல்லும் பொருளும் அதுதானே. முதலாமவரை நேருரையாளர் என்போம். வருணனையாளர் என்ற பெயர் இரண்டாமவருக்கு இருக்கட்டும்.