நல்ல வீரரைக் கொடுத்துவிட்டுச் சம்பளத்தையும் கட்டுவது ஏன்?

மெல்பர்னிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அங்கேயே பிறந்து வளர்ந்த அவருடைய மகள் காலிங்வுட் என்ற ஆஸ்திரேலியக் கால்பந்து அணியின் தீவிர ரசிகை. ஒவ்வொரு அக்டோபரிலும் வீட்டில் ஒரே கேள்விதானாம்: "நன்றாக ஆடுகிற ஒருவரை இன்னோர் அணிக்குக் கொடுக்கிறார்கள். கொடுத்த பிறகும் அவர் சம்பளத்தில் ஒரு பங்கை இவர்களே கட்டுகிறார்கள். பொருளை வாங்குகிறவன்தானே காசு தரவேண்டும்? இதில் என்ன கணக்கு?"

இதற்குள் இருப்பது 20-ஆம் நூற்றாண்டுக் கணிதத்தில் எனக்கு மிகப் பிடித்த கண்டுபிடிப்புகளில் ஒன்று. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பின்னணி. 'ஃபுட்டி' என்று அங்கே செல்லமாகச் சொல்லப்படும் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் ஒரு பக்கத்துக்கு 18 பேர். முட்டை வடிவப் பந்து, முட்டை வடிவ மைதானம். அதன் முதன்மைத் தொடரான ஏஎஃப்எல்லில் 18 அணிகள். ஒவ்வோர் அணியும் தன் வீரர்களுக்கு ஆண்டுக்கு மொத்தமாக இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. 1987-ல் 12.5 லட்சம் டாலராக இருந்தது, இன்று 1.5 கோடி டாலருக்கு மேல். (இந்தக் கட்டுரையில் டாலர் எல்லாம் ஆஸ்திரேலிய டாலர்.) ஐபிஎல் ஏலத்தில் அணிகளுக்குக் கொடுக்கும் பணப்பை போலத்தான், ஆனால் இங்கே ஏலம் கிடையாது. புது இளைஞர்களை 'ட்ராஃப்ட்' மூலம் எடுக்கிறார்கள்; கடைசி இடம் பிடித்த அணிக்கே முதல் தேர்வு. அந்தத் தேர்வு உரிமைக்குப் பெயர் 'பிக்'; வரிசையில் எத்தனையாவதோ அதுவே அதன் எண். ஒரு வீரரை ரொக்கத்துக்கு விற்க முடியாது. வீரருக்கு வீரர், வீரருக்கு பிக், பிக்குக்கு பிக் என்ற பண்டமாற்றுதான். இதுதான் 'ட்ரேட்'.

இந்த வரம்பு ஏன் வந்தது? 1967 முதல் 1983 வரை 17 ஆண்டுகள், அப்போதைய 12 அணிகளில் ரிச்மண்ட், கார்ல்டன், ஹாதார்ன், நார்த் மெல்பர்ன் என்ற நான்கே அணிகள்தான் கோப்பையை மாற்றி மாற்றி வென்றன. மற்ற அணிகளில் சில கடனில் தத்தளித்தன. சவுத் மெல்பர்ன் 1982-ல் சிட்னிக்கே குடிபெயர்ந்தது. 1986-ல் ட்ராஃப்ட், அடுத்து சம்பள வரம்பு. 1990 முதல் 1999 வரையிலான பத்து ஆண்டுகளில் ஏழு வெவ்வேறு அணிகள் வென்றன. இதே காலத்தில் தொடரில் புது அணிகளும் சேர்ந்தன. ஆகவே முழுப் புகழையும் சம்பள வரம்புக்குக் கொடுத்துவிட முடியாது. ஆனால் வரம்பை மீறினால் என்ன ஆகும் என்பதில் சந்தேகமே இல்லை. 2002-ல் கார்ல்டன் மாட்டிக்கொண்டபோது 9 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் விழுந்தது. அதைவிட வலித்தது, வரலாற்றிலேயே முதன்முறையாகக் கடைசி இடம் பிடித்த அந்த ஆண்டில் கையிலிருந்த முதல் இரண்டு பிக்குகளும் பறிபோனதுதான்.

இனி நான் சொல்ல ஆசைப்படும் இடத்துக்கு வருகிறேன்.

சென்னையிலிருந்து மெல்பர்னுக்குக் கிளம்பும் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு 30 கிலோ அனுமதி. 24 கிலோ ஏறியிருக்கும்வரை அம்மா எதை நீட்டினாலும் உள்ளே போகும்: பருப்புப்பொடி, வடகம், இன்னும் ஒரு புடவை. 30 தொட்ட நொடியில் நிலைமை தலைகீழ். இப்போது நாரத்தங்காய் ஊறுகாயை உள்ளே வைக்கவேண்டுமானால் வேறொன்று வெளியே வரவேண்டும். ஊறுகாய் கெட்டுப்போகவில்லை, அதன் ருசியும் குறையவில்லை. மாறியது ஒன்றே ஒன்று. பெட்டியில் ஒரு கிலோ இடத்துக்கு இதுவரை விலை இல்லை. இப்போது விலை வந்துவிட்டது. எந்தக் கடையிலும் ஒட்டப்படாத, யாரும் ரசீது போடாத விலை. கணிதத்தில் இதற்கு நிழல் விலை என்று பெயர்.

வரையறை எளிது: ஒரு வரம்பை ஓர் அலகு தளர்த்தினால் நமக்கு எவ்வளவு கூடுதல் பலன் கிடைக்குமோ, அதுவே அந்த வரம்பின் நிழல் விலை. இதன் அழகு அதன் திடீர்த் தன்மையில் இருக்கிறது. இடம் மீதமிருந்தால் நிழல் விலை சுழியம். நிழல் விலை சுழியத்துக்கு மேல் இருந்தால் இடம் மீதமில்லை என்று அர்த்தம். இரண்டும் ஒருசேர இருக்கவே முடியாது. முதன்முதலாக இதன் நிரூபணத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதைக் கண்டவர் லெனின்கிராடின் லியோனித் கந்தரோவிச். 1938-ல் ஒட்டுப்பலகைத் தொழிலிலிருந்து ஒரு வேலை வந்தது: பலவகை மரங்கள், பலவகை இயந்திரங்கள், எந்த மரத்தை எதில் சீவினால் உற்பத்தி அதிகம்? அப்போது அவருக்கு 26 வயது. தூய கணிதம் செய்துகொண்டிருந்தவர், அந்தக் கேள்விக்குள் ஒரு முழுத் துறையே இருப்பதைக் கண்டு 1939-ல் வெளியிட்டார். விடையோடு கூடவே ஒவ்வோர் இயந்திர நேரத்துக்கும் ஒரு மறைமுக விலை தானாகவே வந்து விழுந்தது. விலை என்பது உழைப்பிலிருந்து மட்டுமே பிறக்கும் என்று நம்பிய அன்றைய சோவியத் பொருளாதார அறிஞர்களுக்கு இது உவப்பாக இல்லை. 1942-ல் அவர் எழுதி முடித்த நூல் 1959-ல்தான் அச்சேறியது. 1975-ல் ட்யாலிங் கூப்மன்ஸுடன் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். "தூய கணிதத்துக்கு எதற்கு நிதி, அதனால் என்ன பயன்?" என்று நம் நாட்டில் கேட்கும் ஒவ்வொருவரிடமும் இந்த ஒட்டுப்பலகைக் கதையைச் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். பயன் என்ன என்று முன்கூட்டியே எழுதிக்கொடு என்று கேட்டிருந்தால் அந்த இளைஞரால் எதை எழுதிக்கொடுத்திருக்க முடியும்? விமான அட்டவணை, மின்சாரப் பகிர்வு, லாரிப் போக்குவரத்து என்று இன்று எங்கும் ஓடுவது அவர் தொடங்கிவைத்த கணிதம். ஆய்வு நிதியை வெட்டும்போது எந்தக் கிளையை வெட்டுகிறோம் என்று நமக்கே தெரிவதில்லை.

மெல்பர்னுக்குத் திரும்புவோம். ஒரு கற்பனைக் கணக்கு. ஓர் அணி வரம்பைத் தொட்டுவிட்டது. வளர்ந்துவரும் இரண்டு இளைஞர்களுக்குச் சம்பளத்தை உயர்த்தாவிட்டால் அவர்கள் கிளம்பிவிடுவார்கள். அதனால் அந்த அணிக்கு ஒவ்வொரு லட்சம் டாலர் இடத்தின் நிழல் விலை, பலனை அளக்கும் ஏதோ ஓர் அலகில், 8 என்று வைப்போம். அணியில் ஒரு நல்ல வீரர். அவரால் வரும் பலன் 60, சம்பளம் 9 லட்சம். அவர் அடைத்துக்கொள்ளும் இடத்தின் மதிப்பு 9 பெருக்கல் 8, அதாவது 72. பலன் 60, செலவு 72: வைத்திருந்தால் 12 நட்டம். நீக்கிவிடலாமா என்றால் ஒப்பந்தப்படி சம்பளத்தைக் கொடுத்தே ஆகவேண்டும், இடம் காலியாகாது.

பக்கத்து அணியில் இடம் இருக்கிறது, ஆனால் 6 லட்சத்துக்கு மட்டும். அவர்களுக்கு நெருக்கடி குறைவு. லட்சத்துக்கு நிழல் விலை 4. "மீதி 3 லட்சத்தை நாங்களே கட்டுகிறோம், கூட்டிக்கொண்டு போங்கள்" என்கிறது முதல் அணி. அந்த 3 லட்சம் இவர்களுக்கு 24 சுமை. வைத்திருந்தாலே 12 நட்டம் என்பதால் கூடுதல் சுமை 12தான். வாங்கும் அணிக்குப் பலன் 60, சுமை 24, மிச்சம் 36. ஆக, 12-க்கு மேல் 36-க்குள் மதிப்புள்ள எந்த பிக்கைக் கொடுத்தாலும் இரண்டு அணிகளுக்கும் ஆதாயம்! வாசகரே, உங்கள் மகளின் கேள்விக்கு விடை இந்த எண்களில் இருக்கிறது. அந்த 3 லட்சத்தைக் கட்டாவிட்டால் பேச்சே தொடங்காது.

நெருக்கடி எப்படி உருவாகிறது என்பதையும் சொல்லவேண்டும். வரம்பு ஆண்டுதோறும் தனித்தனி. ஒப்பந்தமோ பல ஆண்டுகளுக்கு. ஆகவே இந்த ஆண்டு இடமில்லையென்றால் "இப்போது குறைவாக வாங்கிக்கொள், மூன்றாம் ஆண்டு சேர்த்துத் தருகிறேன்" என்று எழுதலாம். ஒருவரிடம் இப்படிச் செய்தால் பரவாயில்லை. ஐந்தாறு பேரிடம் செய்தால் எல்லாத் தவணையும் ஒரே அக்டோபரில் வந்து நிற்கும். இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு, அதுதான் எனக்கு இன்னும் சுவையானது. ஏஎஃப்எல்லில் கீழ்வரம்பும் இருக்கிறது. உச்சவரம்பில் 95 சதவீதமாவது செலவழித்தே தீரவேண்டும். அனுபவமில்லாத இளைஞர்கள் நிறைந்த அணியால் அவ்வளவு செலவழிக்க முடியாமல் போகலாம். அப்போது பணத்தின் நிழல் விலை சுழியத்துக்கும் கீழே போகிறது! அந்த அணி வருங்காலச் சம்பளத்தை இன்றைக்கே முன்கூட்டிக் கொடுத்துவிட்டு, நாளைக்கு இடம் சேமித்துக்கொள்கிறது. ஒரே டாலர் ஓர் அணியில் தங்கம், இன்னோர் அணியில் சுமை. ட்ரேட் என்பதே இந்த மேடுபள்ளத்தில் பாயும் தண்ணீர்தான்.

உண்மையில் நடந்ததைப் பார்ப்போம். 2020, கொரோனா ஆண்டு. போட்டிகள் குறைந்தன, வருமானம் சரிந்தது, அடுத்த ஆண்டுக்கான வரம்பையும் குறைத்தார்கள். மேலே சொன்ன தவணைகள் காலிங்வுட்டில் அப்போதுதான் ஒன்றாக வந்து நின்றன. அந்த நவம்பரில் ஆடம் ட்ரெலோர், ஜேடன் ஸ்டீஃபன்சன், டாம் ஃபிலிப்ஸ், ஆட்டு பொசெனவுலாகி என்று நான்கு பேர் வெளியேறினார்கள். ஃபிலிப்ஸுக்குக் கிடைத்தது 65-ஆம் பிக் மட்டும். ட்ரெலோருக்கு 2025 வரை ஒப்பந்தம் இருந்தது. போக விருப்பமில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். கடைசி நாளில் வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்குப் போனார். சம்பளத்தில் ஒரு பகுதியைக் காலிங்வுட் கட்டியது.

இதை அளந்து பார்க்க ஒரு கருவி இருக்கிறது. 2015-ல் ஏஎஃப்எல் ஒவ்வொரு பிக்குக்கும் புள்ளி கொடுத்து ஓர் அட்டவணை வெளியிட்டது. முதல் பிக் 3,000, இரண்டாவது 2,517, பத்தாவது 1,395. அந்தந்த இடத்தில் எடுக்கப்பட்ட வீரர்கள் பின்னாளில் எவ்வளவு சம்பளம் வாங்கினார்கள் என்ற பழைய பதிவுகளிலிருந்து பிறந்த எண்கள் இவை. 2025-ல் அட்டவணையை மாற்றிவிட்டார்கள். 2020-க்குப் பழையதுதான் பொருந்தும்.

காலிங்வுட் கொடுத்தது ட்ரெலோர், அவரோடு 26, 33, 42 ஆகிய பிக்குகள்: 729, 563, 395, மொத்தம் 1,687. வாங்கியது 14-ஆம் பிக், அதாவது 1,161 புள்ளி. கூடவே அடுத்த ஆண்டின் இரண்டாம் சுற்று பிக் ஒன்று. அது எந்த இடத்தில் விழும் என்று அன்று தெரியாது. நடுவாக 27 என்று வைத்தால் 703. கூட்டினால் 1,864. வித்தியாசம் 177: ட்ரெலோருக்குக் கிடைத்த விலை அவ்வளவுதான். அட்டவணையில் அது 57, 58-ஆம் பிக்குகளுக்கு நடுவே வருகிறது. 2015-ல் இதே வீரரை வாங்க இரண்டு முதல் சுற்று பிக்குகளைக் கொடுத்த அணி இது. 2020-ல் அவருக்கு வயது 27தான். விழுந்த விலையில் பெரும்பகுதி அவருடைய ஆட்டத்தின் விலை அல்ல, காலிங்வுட்டின் நெருக்கடியின் விலை.

புல்டாக்ஸ் ஏன் 14-ஆம் பிக்கை விட்டுக்கொடுத்தது? அவர்கள் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த ஜமாரா யூகல்-ஹேகனை அந்த ட்ராஃப்டில் இன்னோர் அணி முதல் பிக்கில் கேட்கும் என்பது ஊரறிந்த விஷயம். அந்த பிக்கின் 3,000 புள்ளிக்கு ஈடுகட்டி அவரைத் தாங்களே எடுத்துக்கொள்ள, 20 சதவீதத் தள்ளுபடி போக 2,400 புள்ளி மதிப்புள்ள பிக்குகள் வேண்டும். எந்த பிக்கிலிருந்து வந்தாலும் புள்ளி புள்ளிதான். ஆகவே ஒரு பெரிய நோட்டைக் கொடுத்து, கூட்டுத்தொகை அதிகமான மூன்று சில்லறை நோட்டுகளாக மாற்றிக்கொண்டார்கள். ஒரு தேர்ந்த வீரரும் கூடவே வந்தார். காலிங்வுட்டுக்கு இடம் தேவை, புல்டாக்ஸுக்குப் புள்ளி தேவை. இரண்டு வெவ்வேறு வரம்புகள், இரண்டு வெவ்வேறு நிழல் விலைகள்.

பிறகு? புல்டாக்ஸ் 2021-ல் ட்ரெலோருடன் இறுதிப் போட்டிவரை சென்று தோற்றது. காலிங்வுட் அந்த ஆண்டு 17-ஆம் இடம். 2022-ல் காலிங்வுட், ப்ராடி கிரண்டியையும் இதே வழியில், சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்டி, 27-ஆம் பிக்குக்கு மெல்பர்ன் அணிக்கு அனுப்பியது. 2020-ல்தான் அவருக்கு ஏழு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்திருந்தார்கள். 2023-ல் காலிங்வுட், பிரிஸ்பனை 4 புள்ளிகளில் வென்று கோப்பையைத் தூக்கியது. 2024-ல் ட்ரெலோர், ஆண்டின் சிறந்த அணியில் முதன்முறையாக இடம்பெற்றார்.

இந்த முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஒப்பந்தத்திலிருக்கும் வீரரை அவர் சம்மதமில்லாமல் மாற்றக் கூடாது என்பது ஏஎஃப்எல் விதி. நல்ல விதி. ஆனால் "இங்கே உனக்கு இனி இடமில்லை" என்று அணியே சொன்னபிறகு வாங்கும் சம்மதத்தில் எவ்வளவு சம்மதம் இருக்கும்? ஒட்டுப்பலகை ஆலையில் மரத்திடம் யாரும் கேட்கவேண்டியதில்லை. இங்கே மாறுவது ஒரு மனிதரின் வீடு, நண்பர்கள், அன்றாடம். நெருக்கடியை உண்டாக்கியது ஒப்பந்தம் எழுதியவர்கள். பெட்டி கட்டுவது வீரர்.

உங்கள் மகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். இந்த அக்டோபரில் ட்ரேட் செய்தி வரும்போது, வந்த பிக்கின் எண்ணை மட்டும் பார்க்காமல், அந்த வீரரின் ஒப்பந்தம் எந்த ஆண்டுவரை, சம்பளத்தை யார் எவ்வளவு கட்டுகிறார்கள், காலியான இடத்தில் அடுத்த சில மாதங்களில் யார் புது ஒப்பந்தம் போடுகிறார்கள் என்ற மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டுக் குறிப்பு சேர்ந்ததும் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பினால் மகிழ்வேன்.