பிரஷர் மிஷின் எதை அளக்கிறது?

போன மாதம் ஒரு மாலையில் அப்பாவுக்கு அடுத்தடுத்து மூன்று தடவை ரத்த அழுத்தம் பார்த்தேன். முதலில் 158 காட்டியது. இரண்டாவது தடவை 146, மூன்றாவது தடவை 137. மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "மிஷின் சரியில்லை, கடையில் திருப்பிக் கொடுத்துவிடு" என்றார் அப்பா. கடைத்தெருவுக்குப் போய்விட்டு மாடிப்படி ஏறிவந்த கையோடு உட்கார்ந்தவர், முதல் தடவை நான் பட்டையைச் சுற்றும்போது காய்கறி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். கையோ தொடைக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மிஷின் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அது என்ன வேலை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இன்று தெர்மாமீட்டருக்கு அடுத்தபடியாகப் பல வீடுகளில் இருக்கும் மருத்துவக் கருவி இதுதான். அதன் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால், எப்படி உட்கார வேண்டும் என்பதை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். ஒரு பெண் குதிரையின் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்தார். ரத்தம் எட்டு அடிக்கும் மேலே ஏறி நின்றது. 1733-இல் இதை வெளியிட்டார். மனிதர்களுக்கு இப்படிச் செய்ய முடியாது; ஆளைவிட உயரமான குழாயைத் தூக்கிக்கொண்டு திரியவும் முடியாது. பாதரசம் இங்கேதான் உதவிக்கு வந்தது. ரத்தத்தைவிட அது ஏறத்தாழ 13 மடங்கு கனமானது. ஆகவே ஒன்றரை மீட்டர் ரத்தத் தூணின் அழுத்தத்தை 12 சென்டிமீட்டர் பாதரசத்தில் காட்டிவிடலாம். நாம் சொல்லும் '120' என்பது அந்தப் பாதரசத் தூணின் உயரம், மில்லிமீட்டரில். இந்த 13 மடங்குக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் தேவைப்படும்.

1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி மேற்கையில் காற்றுப்பட்டையைச் சுற்றி இறுக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1905-இல் ரஷ்ய மருத்துவர் நிகோலாய் கொரோத்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். இறுக்கம் தளரும்போது தட்டும் ஒலி தொடங்கும் இடம் மேல் அழுத்தம். ஒலி அடங்கும் இடம் கீழ் அழுத்தம். மருத்துவர்கள் இன்றும் செய்வது இதுதான்.

நம் வீட்டு மிஷின்களில் பெரும்பாலானவற்றுக்குக் காது கிடையாது. அவை ஒலியைக் கேட்பதில்லை, அதிர்வைத் தொட்டு உணர்கின்றன.

பட்டைக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தை ஒரு சிறு சிலிக்கான் சவ்வு கவனித்துக்கொண்டே இருக்கிறது. அழுத்தத்தில் சவ்வு வளையும்போது அதன் மின்தடை மாறும். அந்த மாற்றம்தான் எண்ணாகிறது. பட்டை முதலில் இறுகித் தமனியை நசுக்குகிறது. பிறகு காற்று மெல்ல வெளியேறுகிறது. இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் தமனி விரிந்து பட்டையை உள்ளிருந்து தள்ளுகிறது. அதனால் இறங்கிக்கொண்டே வரும் காற்றழுத்தத்தின்மேல் சின்னச் சின்ன அலைகள் எழுகின்றன. ஒவ்வோர் அலையும் ஓரிரு மில்லிமீட்டர் பாதரச அளவுதான். மிஷின் பெரிய இறக்கத்தைத் தனியாகவும் இந்தச் சிற்றலைகளைத் தனியாகவும் பிரித்து எடுக்கிறது.

இந்த அலைகள் எல்லாம் ஒரே அளவில் வருவதில்லை. எல்லாச் செய்தியும் அதில்தான் அடங்கியிருக்கிறது. கொடியில் காயப்போட்ட வேட்டியை நினைத்துப் பாருங்கள். இரு பக்கமும் இழுத்துக் கட்டினால் காற்றில் அதிகம் ஆடாது. சுருட்டி அமுக்கி வைத்தாலும் ஆடாது. தளர்ந்து தொங்கும்போதுதான் சிறு காற்றுக்கும் படபடக்கும். தமனியின் சுவரும் அப்படித்தான். பட்டை மிக இறுக்கமாக இருந்தால் தமனி நசுங்கிக் கிடக்கிறது, அலை சிறியது. பட்டை மிகவும் தளர்ந்துவிட்டால் உள்ளே இருக்கும் ரத்தம் சுவரை விறைப்பாக நீட்டி வைத்திருக்கிறது. அப்போதும் அலை சிறியது. வெளியே அழுத்தும் காற்றும் உள்ளே அழுத்தும் ரத்தமும் சராசரியாகச் சமமாகும் இடத்தில் சுவருக்கு எந்த இழுவிசையும் இல்லை. அங்கே அலை உச்சத்தைத் தொடுகிறது.

ஆக, மிஷின் நேரடியாகக் கண்டுபிடிப்பது ஒரே ஓர் எண்ணை, சராசரி அழுத்தத்தை. ஒருவருக்கு 130/80 என்றால் சராசரி ஏறத்தாழ 97. அந்த 97-ஐத் திரை காட்டுவதில்லை. காட்டுகிற 130-ம் 80-ம் கணக்குப் போட்டு எடுத்தவை. உச்ச அலைக்கு முன்னால் அலையின் உயரம் ஏறத்தாழப் பாதியாக இருந்த இடத்தை மேல் அழுத்தம் என்றும், உச்சத்துக்குப் பின்னால் முக்கால் பங்கை ஒட்டிக் குறைந்த இடத்தைக் கீழ் அழுத்தம் என்றும் ஒரு சூத்திரம் முடிவு செய்கிறது. அந்த விகிதத்தை ஒவ்வொரு நிறுவனமும் சோதித்துத் தனக்கென வைத்துக்கொள்கிறது, வெளியே சொல்வதில்லை. 1976-இல் வந்த டைனமேப் என்ற முன்னோடிக் கருவி சராசரியை மட்டுமே காட்டியது.

சூத்திரம் ரகசியம் என்பதால் அதைச் சோதிக்கும் முறை வெளிப்படையாக இருந்தாக வேண்டும். சர்வதேசத் தர விதியின்படி 85 பேரிடமாவது அளந்து, பயிற்சி பெற்றவர்கள் ஸ்டெதஸ்கோப் வைத்து எடுத்த அளவோடு ஒப்பிட வேண்டும். சராசரி வேறுபாடு 5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மிஷின் வாங்கும்போது இந்தச் சோதனையில் தேறிய மாடலா என்று பாருங்கள். திரை எவ்வளவு பெரியது, எத்தனை பேரின் அளவைச் சேமிக்கும் என்பதெல்லாம் அப்புறம். கைப்பேசியின் கேமராவில் விரலை வைத்தால் பிரஷர் சொல்லும் என்று 2014-இல் ஒரு செயலி வந்து அமோகமாக விற்றது. பின்னர் ஆராய்ந்தபோது, உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு அது இயல்பான அளவையே காட்டியது தெரியவந்தது. அந்த நான்கு பேரும் நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பார்கள் என்பதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இப்போது அப்பாவின் தொங்கும் கைக்கு வருவோம். பட்டை அளப்பது அது சுற்றியிருக்கும் இடத்தின் அழுத்தத்தை. நமக்குத் தேவை இதயத்தின் மட்டத்தில் இருக்கும் அழுத்தம். பட்டை இதயத்துக்கு 13 சென்டிமீட்டர் கீழே இருந்தால், இடையில் உள்ள 13 சென்டிமீட்டர் ரத்தத் தூணின் எடையும் சேர்ந்துகொள்ளும். அது 1 சென்டிமீட்டர் பாதரசத்துக்குச் சமம். 10 எண் கூடிவிடும்! நோய் எதுவும் கூடவில்லை. கை இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே கையை மேசைமேல், பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்கும்படி வையுங்கள்.

பேசினால் அழுத்தம் உண்மையாகவே ஏறுகிறது. கையை அசைத்தால் பொய் அலைகள் கிளம்பி மிஷினைக் குழப்புகின்றன. கால்மேல் கால் போட்டாலும், சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும், அரைமணி நேரத்துக்குள் காபியோ சிகரெட்டோ எடுத்திருந்தாலும் எண் உயரலாம். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் தமனியை நசுக்க அதிகக் காற்று தேவைப்படும். மிகப் பெரிய பட்டை தேவைப்படுபவர்களுக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றியபோது மேல் அழுத்தம் ஏறத்தாழ 20 வரை கூடுதலாகக் காட்டியதாக 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது. நாடி ஒழுங்கில்லாமல் துடிப்பவர்களுக்கு அலையின் உயரமே தாறுமாறாக மாறும். அவர்கள் பல தடவை அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

இத்தனை நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். உலகில் 30 முதல் 79 வயதுக்குள் ஏறத்தாழ 140 கோடிப் பேருக்கு 2024-இல் உயர் ரத்த அழுத்தம் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் ஏறத்தாழ 44 சதவீதம் பேருக்கு அது இருப்பதே தெரியாது. வலிக்காது, காய்ச்சல் வராது. பலருக்கு முதல் அறிகுறியே பக்கவாதம்தான். அளந்தால் ஒழியத் தெரியாத நோய் இது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் இந்த மிஷினோடு வீட்டுவாசலுக்கே வருகிறார்கள். வந்தவரை நிற்கவைத்துக் கையை நீட்டாதீர்கள். அவருக்கு ஒரு நாற்காலி போட்டு, நீங்களும் முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள்.

ஓர் அளவு மட்டும் எதையும் முடிவு செய்துவிடாது, தொடர்ச்சிதான் பேசும். பஞ்சாப், மகாராஷ்டிரம் உள்ளிட்ட மாநிலங்களில் இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம் 'சிம்பிள்' என்ற செயலியைப் பயன்படுத்தியது. நோயாளியின் அட்டையில் உள்ள கியூஆர் குறியீட்டைச் செவிலியர் கைப்பேசியில் காட்டினால் பழைய அளவுகள் வந்துவிடும். மாத்திரை வாங்க வரவேண்டிய தேதியில் வராதவர்களின் பட்டியலும் வரும். செவிலியர் கூப்பிட்டு விசாரிப்பார். கம்ப்யூட்டர் செய்யும் வேலைகளில் நான் பெரிதாக மதிப்பது இந்தப் பட்டியலைத்தான்.

எங்கள் வீட்டில் செயலி இல்லை, நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. ஒரு வாரம், காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று அளந்து எழுதினோம். முதல் நாளைக் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டில் எடுக்கும் அளவில் சராசரி 135/85-ஐ எட்டினால் உயர்வு என்று கொள்வது வழக்கம். மருத்துவமனையில் அந்த எல்லை 140/90. வெள்ளை அங்கியைப் பார்த்ததும் பலருக்குக் கூடிவிடும். அப்பாவுக்குச் சராசரி 133/81 வந்தது. மருத்துவர் நோட்டை வரிவரியாகப் படித்தார். மாத்திரையைக் கூட்டவில்லை. ஊறுகாயையும் அப்பளத்தையும் குறைக்கச் சொல்லி, அடுத்த மாதம் இதே நோட்டோடு வரச் சொன்னார்.