விட்ரிஃபிகேஷன்: கண்ணாடியாதலா, கண்ணாடியாக்கலா?

டைல்ஸ் கடையில் 'விட்ரிஃபைடு' என்பார்கள். கருத்தரிப்பு மையங்களில் கருமுட்டையைக் கடுங்குளிரில் சேமிக்கும் முறைக்கும் 'விட்ரிஃபிகேஷன்' என்றே பெயர். வேர் லத்தீனில் இருக்கிறது: 'விட்ரும்' என்றால் கண்ணாடி, 'ஃபாகெரே' என்றால் செய்தல்.

இங்கே கண்ணாடி என்பது முகம் பார்ப்பதல்ல, பொருளின் ஒரு நிலை. மூலக்கூறுகள் வரிசைகட்டி அடுக்கிக்கொண்டால் படிகம். திரவத்தில் கிடந்த தாறுமாறோடு அப்படியே அசைவற்று இறுகினால் கண்ணாடி. சர்க்கரையில் இரண்டுமே உண்டு: கற்கண்டு படிகம், பஞ்சு மிட்டாயின் இழை கண்ணாடி. ஈரக்காற்றில் பஞ்சு மிட்டாய் பிசுபிசுத்துச் சுருங்குவதற்கும் காரணம் இதுவே. நீர் ஏற ஏறக் கண்ணாடி இளகும் வெப்பநிலை இறங்கிக்கொண்டே வரும்.

உயிரியலில் இந்தச் சொல்லுக்கு வேலை அதிகம். நைஜீரியாவின் பாறைக்குழிகளில் வாழும் பாலிபெடிலம் வாண்டர்பிளாங்கி என்ற கொசு போன்ற பூச்சியின் புழு, குட்டை வற்றும்போது தானும் காய்ந்து சருகாகிவிடும். மழை வந்தால் மீண்டும் நெளியும். காயும்போது அது ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையை உடலெங்கும் குவிக்கிறது. உலர் எடையில் ஏறத்தாழ 20 விழுக்காடு! (ட்ரெஹலோஸும் கதையுள்ள பெயர்தான். மேற்காசியாவில் ஒரு வண்டு கட்டும் கூட்டுக்கு 'ட்ரெஹாலா' என்று பெயர். அதிலிருந்து இந்தச் சர்க்கரையைப் பிரித்த பிரெஞ்சு வேதியியலாளர் பெர்தலோ அதையே சூட்டிவிட்டார்.)

சர்க்கரை எப்படிக் காக்கிறது? நீர் விலகும்போது புரதத்தையும் செல் சவ்வையும் தாங்கியிருந்த ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுபடும். அந்த இடத்தைச் சர்க்கரையின் ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள் பிடித்துக்கொள்கின்றன. கூடவே சுற்றிலும் அந்தச் சர்க்கரையே கண்ணாடியாக இறுகுவதால் புரதம் மடிப்புக் குலையவோ ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவோ வழியில்லை. சர்க்கரை படிகமாகிவிட்டால் எல்லாம் வீண்; அது தனியே ஒதுங்கிப் புரதத்தைக் கைவிட்டுவிடும். குளுக்கோஸும் உதவாது. அதன் கண்ணாடி எளிதில் இளகும், போதாக்குறைக்குப் புரதத்தோடு வினைபுரிந்து பழுப்பேறும். உலர்ந்த ட்ரெஹலோஸ் கண்ணாடியோ 100 டிகிரி செல்சியஸ் தாண்டியும் இளகாது. மார்பகப் புற்றுநோய்க்கான ட்ராஸ்டுசுமாப் என்ற புரத மருந்தின் தூளில் அதைச் சேர்த்திருப்பது இதற்காகத்தான்.

இனி தமிழ்ச்சொல். 'பளிங்காதல்' அழகாக ஒலிக்கும், ஆனால் பளிங்கு ஸ்படிகத்தைக் குறிக்கும் பழஞ்சொல், பொருள் நேர்மாறாகிவிடும். 'உறைதல்' இன்னும் மோசம். கருமுட்டையில் பனிப்படிகம் உருவாகக் கூடாது என்பதற்காகத்தானே அந்த முறையே! கண்ணாடியாதல், கண்ணாடியாக்கல் என்ற இணையே பொருந்தும். ஆங்கிலத்தில் ஒரே சொல் சுமக்கும் இரண்டு பொருளைத் தமிழின் தன்வினையும் பிறவினையும் பிரித்துத் தருகின்றன. புழுவுக்குள் நடப்பது ஆதல், மருந்தாலையில் நடப்பது ஆக்கல். இளகும் அந்த எல்லையைக் 'கண்ணாடி மாறுநிலை வெப்பநிலை' எனலாம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் குழப்பமில்லை.