முதல் முறை நாயில்லாமல் போங்கள்

நான் கால்நடை மருத்துவர். திங்கட்கிழமை காலையில் என்னிடம் வரும் கடிக்காயங்களில் பல, நாய்களைக் கயிறின்றி ஓடவிடும் பூங்காவில் ஞாயிறு மாலை பட்டவை. "சின்னக் கீறல்தான் டாக்டர், மருந்து போட்டால் ஆறிவிடும்" என்றார் அண்மையில் ஒரு பொமரேனியனைத் தூக்கிவந்தவர். முடியை மழித்துப் பார்த்தேன். முதுகில் மிளகளவில் இரண்டு துளைகள். மயக்க மருந்து கொடுத்து, ஆழம் பார்க்கும் மெல்லிய கம்பியை உள்ளே விட்டபோது, தோலுக்கடியில் நான்கு விரற்கடை தூரம் தடையில்லாமல் போனது. பெரிய நாய் சின்ன நாயைக் கவ்வி உதறினால் இப்படித்தான் ஆகும். நாயின் தோல் தளர்வானது, இழுத்த இழுப்புக்கு ஈடுகொடுத்துவிடும். அடியில் இருக்கும் தசைதான் கிழியும். எச்சிலோடு போன கிருமிகள் அங்கே தங்கிச் சீழ் பிடிக்கும். துளை எவ்வளவு சிறியதானாலும் அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அந்த நாய் கடிபட்ட பூங்காவில் பெரிய நாய்க்கும் சின்ன நாய்க்கும் ஒரே வளாகம். கயிறின்றி ஓடவிட இடம் தேடுகிறவர்கள் புல்லைப் பார்க்கிறார்கள், பல்லைப் பார்ப்பதில்லை. அதனால்தான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்: முதல் முறை நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். வேலிக்கு வெளியே 20 நிமிடம் நின்று பாருங்கள்.

வாசலில் இரண்டு கதவுகள் இருக்க வேண்டும். ஒன்றை மூடிய பிறகு மற்றதைத் திறந்தால் எந்த நாயும் சாலைக்கு ஓடாது. சண்டைகள் அதிகம் மூள்வதும் வாசலில்தான். புதிதாக வருவதை முகர்ந்துபார்க்க உள்ளே இருப்பவை எல்லாம் முண்டியடித்துக்கொண்டு வரும். கயிற்றில் இருக்கும் நாயால் விலகிப்போக முடியாது. விலக முடியாதபோது பல்லைக் காட்டும். கூட்டம் கலையும்வரை காத்திருந்து, இரண்டு கதவுகளுக்கு நடுவிலேயே கயிற்றைக் கழற்றிவிடுங்கள்.

நாய்களைவிட மனிதர்களைக் கவனியுங்கள். எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தால் வேறு இடம் பாருங்கள். வேலியும் நிழலும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

விளையாட்டு என்றால் முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கி அழைப்பதைப் பார்க்கலாம். துரத்துவதும் துரத்தப்படுவதும் முறைமாறி நடக்கும். ஒன்று மட்டும் வாலை இடுக்கிக்கொண்டு ஓடி ஓடி, கடைசியில் யாருடைய கால்களுக்கடியிலாவது ஒளிந்தால் அது விளையாட்டு அல்ல. சந்தேகமாக இருந்தால் துரத்துகிற நாயைப் பிடித்து நிறுத்துங்கள். மற்றது திரும்பி வந்து வம்புக்கிழுத்தால் விட்டுவிடலாம். விட்டால் போதுமென்று ஓடினால் அதோடு ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள். "அவை தாமே தீர்த்துக்கொள்ளும்" என்று சிரிப்பவர் பெரும்பாலும் பெரிய நாயின் சொந்தக்காரராகத்தான் இருப்பார்.

தேங்கிய நீரை நாய் நக்கவிடாதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். அது நமக்கும் தொற்றும். குட்டிகளைக் கொல்லக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே தடுப்பூசிகள் முழுதும் முடியாத குட்டியைக் கொண்டுபோகாதீர்கள். பொதுவாகக் கடைசி ஊசி போடும்போதே குட்டிக்கு 16 வார வயது ஆகிவிடும், அதற்குமேல் இரண்டு வாரம் பொறுங்கள். இணைசேரும் பருவத்தில் இருக்கும் பெட்டைக்கும் அங்கே வேலையில்லை. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களை வெயிலில் ஓடவிடவே கூடாது.

கூப்பிட்டால் வராத நாய்க்கு இந்த இடமெல்லாம் கொஞ்ச நாள் கழித்துத்தான். பலர் நாயைக் கூப்பிடுவதே வீட்டுக்குக் கிளம்பும்போதுதான். 'வா' என்றால் ஆட்டம் முடிந்தது என்று அது கற்றுக்கொண்டுவிடுகிறது. பிறகு ஏன் வரும்? நடுநடுவே நாலைந்து முறை கூப்பிட்டு, தட்டிக்கொடுத்து, மறுபடி ஓடவிடுங்கள். தின்பண்டத்தை மட்டும் பூங்காவுக்குள் வெளியே எடுத்துக் காட்டாதீர்கள். நான் தையல் போட்ட சண்டைகளில் பல, ஒரு பிஸ்கட் துண்டில் தொடங்கியவை.