ரக்பி லீக்கோட எதிர்காலம் தலையில இருக்கு: ஒரு பிசியோ சொல்றேன்

பேப்பர்ல பாத்தா ரக்பி லீக்குக்கு (ரக்பிலயே ஒரு தனி வகை, பக்கத்துக்கு 13 பேர் ஆடறது) இப்ப சுக்கிர தசைதான். ஆஸ்திரேலியாவோட பெரிய லீக் போட்டியான என்ஆர்எல் 2024-ல இருந்து சீசனோட மொத மேட்ச்சுங்கள லாஸ் வேகாஸ்ல கொண்டு போய் ஆடுது, 2023-ல டால்ஃபின்ஸ்ங்கற டீம் உள்ள வந்து 17 டீம் ஆச்சு, 2027-ல பெர்த், 2028-ல பாப்புவா நியூ கினின்னு அறிவிச்சாச்சு. பாப்புவா டீமையும் பசிபிக் தீவுங்கள்ல இந்த ஆட்டத்த வளக்கறதையும் சேத்து ஆஸ்திரேலிய அரசாங்கமே பத்து வருஷத்துக்கு 600 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்குது. சீனா அந்தப் பக்கம் கால் ஊணிடக்கூடாதுங்கற கணக்கும் அதுல இருக்கு, வெறும் விளையாட்டுப் பாசம் இல்ல.

ஆனா ஆட்டம் பொறந்த இங்கிலாந்துப் பக்கம் கதை வேற. கனடால இருந்து இங்கிலாந்தோட மேல்மட்டப் போட்டியான சூப்பர் லீக்குக்கு வந்த டொராண்டோ வுல்ஃப்பேக் 2020-ல காசில்லாம பாதி சீசன்ல வெளிய போச்சு, 2025 உலகக் கோப்பைய நடத்தறோம்னு சொன்ன ஃபிரான்ஸ் கைய விரிச்சிட்டாங்க, அது 2026-க்குத் தள்ளி ஆஸ்திரேலியாவுக்கே போச்சு. இதெல்லாம் ஸ்போர்ட்ஸ் பக்கத்துல எழுதறவங்க நல்லாவே எழுதறாங்க. நான் பிசியோதெரபிஸ்ட், எனக்கு இதுல தெரியற பிரச்சன வேற. அடுத்த இருபது வருஷத்துல எத்தன அம்மா அப்பா தன் புள்ளைய இந்த கிரவுண்டுக்குள்ள அனுப்புவாங்க? ஆட்டம் நிக்கறதும் விழறதும் டிவி காசுல இல்ல, இதுலதான்னு எனக்குத் தோணுது.

இங்க சிங்கப்பூர்ல ரக்பின்னா பதினஞ்சு பேர் ஆடற யூனியன், இல்லன்னா நேஷனல் ஸ்டேடியத்துல நடக்கற, ஏழு பேர் ஆடற செவன்ஸ். லீக்னு தனியா ஒண்ணு இருக்குன்னே நெறைய பேருக்குத் தெரியாது. 1895 ஆகஸ்ட்ல ஹடர்ஸ்ஃபீல்டுங்கற ஊர்ல ஒரு ஹோட்டல்ல கூடி, வடக்கு இங்கிலாந்து கிளப்புங்க பிரிஞ்சு வந்த ஆட்டம் இது. காரணம் ரொம்ப சாதாரணம். சுரங்கத்துலயும் மில்லுலயும் வேல பாத்த ஆளுங்க சனிக்கெழம ஆட வந்தா அன்னைக்குக் கூலி போயிடும், அந்தக் கூலிய குடுங்கன்னு கேட்டாங்க, மேல இருந்த கனவான்கள் முடியாதுன்னாங்க. உழைக்கற சனத்தோட ஆட்டமாவே அது வளந்துச்சு, அந்த முரட்டுத்தனமும் கூடவே வந்துச்சு.

உடம்புக்கு என்ன பண்ணுதுன்னு பாப்போம். ஒரு பக்கம் 13 பேர், பந்து வெச்சிருக்கறவன எதிராளி புடிச்சு சாய்க்கறதுதான் டேக்கிள், பந்து கையில இருக்கற டீம் ஆறு டேக்கிள் வாங்கறதுக்குள்ள முன்னேறணும், ஒவ்வொரு டேக்கிளுக்கு அப்புறமும் எதிர் டீம் 10 மீட்டர் பின்னால போகணும். அதாவது ரெண்டு பக்கமும் ஓடி வந்து வேகம் புடிச்சு மோதறதுக்கு இடத்த ரூல்ஸே குடுத்துருது. முன்வரிசைல ஆடற ஆளு ஒரு மேட்ச்ல முப்பது நாப்பது டேக்கிள் அடிக்கறது சாதாரணம். யூனியன்ல மாதிரி ஸ்க்ரம்ல கழுத்த வெச்சு முட்டித் தள்ளற வேல இதுல பேருக்குத்தான், அந்த வகைல கழுத்துக்கு நல்லது, ஆனா மோதல் எண்ணிக்க கூட. இன்னொண்ணு, தலைக்கு அடி வாங்கறது பந்த வெச்சிருக்கறவன்தான்னு எல்லாரும் நெனைக்கறாங்க, அதிகமா வாங்கறது டேக்கிள் அடிக்கப் போறவன். தலைய தப்பான பக்கத்துல வெச்சா எதிராளி இடுப்பெலும்போ முட்டியோ நேரா வந்து இடிக்கும்.

2019-ல சிட்னி ஆராய்ச்சியாளர்கள் இறந்துபோன என்ஆர்எல் ஆட்டக்காரங்க மூளைல சிடிஇங்கற, மூளைய மெல்ல மெல்லச் சிதைக்கற நோய மொத தடவ கண்டுபிடிச்சாங்க. திரும்பத் திரும்ப தலைல இடி வாங்கறதோட சம்பந்தப்பட்டது, உயிரோட இருக்கறப்ப உறுதியா கண்டுபிடிக்க இன்னும் வழி இல்ல. 2022-ல இறந்த பால் கிரீனுக்கும் இருந்துச்சு, வடக்கு குயின்ஸ்லாந்து டீமுக்குக் கோப்பை வாங்கிக் குடுத்த கோச் அவர். இங்கிலாந்துல முன்னாள் ஆட்டக்காரங்க கேஸே போட்டிருக்காங்க. இப்ப என்ஆர்எல்ல சந்தேகம்னா 15 நிமிஷம் வெளிய உக்கார வெச்சு டெஸ்ட், கன்கஷன்னு (இடில மூளை குலுங்கி வர்ற பாதிப்பு) முடிவானா பொதுவா 11 நாள் ஆடக்கூடாது. இங்கிலாந்துல டேக்கிள் அக்குளுக்கு மேல போகக்கூடாதுன்னு 2023-ல முடிவெடுத்தாங்க, ரசிகர்கள் ஆட்டமே செத்துப்போச்சுன்னு பொலம்புனாங்க. பொலம்பட்டும்.

ஆனா பெரிய லீக்குக்கு டாக்டர் இருக்கார், கேமரா இருக்கு. நம்ம புள்ளைங்களுக்கு யார் இருக்கா? இங்க நான் திரும்பத் திரும்பப் பாக்கறது ஒண்ணு, அது ஆஸ்திரேலியால கூட இவ்வளவு இருக்காதுன்னு நெனைக்கறேன். மத்தியான வெயில்ல ப்ராக்டிஸ் முடிச்சு பையன் வீட்டுக்கு வர்றான், தலவலிங்கறான், கிறுகிறுன்னு வருதுங்கறான், ஒரு வாந்தி. வீட்ல என்ன பண்றாங்க, "வெயில் ஏறிடுச்சு, தண்ணி குடிக்காம ஆடியிருக்கான்"னு கோடாலித் தைலத்த நெத்தில தேச்சு ஒரு பனடோல் குடுத்துப் படுக்க வெச்சிடறாங்க. வெயிலாவும் இருக்கலாம், இல்லன்னு சொல்லல, ஆனா கன்கஷனுக்கும் அறிகுறி அதேதான். டேக்கிள் இருந்த ப்ராக்டிஸ்னா மொதல்ல கேக்க வேண்டியது "எங்கயாச்சும் இடிச்சியா"ன்னுதான். தலைல நேரா படணும்னு கூட இல்ல, நெஞ்சுல வாங்குன இடில தலை ஒரு குலுங்கு குலுங்குனாலே போதும்.

மயக்கம் போட்டாதான் கன்கஷன்னு இன்னமும் நம்பறாங்க, பெரும்பாலானவங்க மயங்கறதே இல்ல. ஸ்கேன் நார்மல்னு சந்தோஷப்படறாங்க, ஸ்கேன் எடுக்கறது ரத்தக்கசிவு இருக்கான்னு பாக்க, கன்கஷன் அதுல தெரியாது. மெத்து வெச்ச தொப்பி வாங்கிக் குடுத்துட்டேன் டாக்டர்னு ஒரு அப்பா பெருமையா சொல்வார் (டாக்டர் இல்லீங்க பிசியோன்னு சொல்லி அலுத்துப்போச்சு), அது காதும் மண்டைத் தோலும் கிழியாம பாத்துக்கும், உள்ள மூளை குலுங்கறத நிறுத்தும்னு ஆதாரம் இல்ல. எல்லாத்தையும் விட மோசம், பையனே மறைக்கறது. சனிக்கெழம மேட்ச் இருக்கு, சொன்னா டீம்ல இருந்து தூக்கிடுவாங்க, அதனால வாய தொறக்க மாட்டான். அவன் சொல்லலன்னாலும் கேட்ட கேள்விக்கு மெதுவா பதில் சொல்றது, லைட்டப் பாத்தா கண்ணச் சுருக்கறது, காரணமில்லாம தம்பி தங்கச்சி மேல எரிஞ்சு விழறது, இதெல்லாம் வீட்ல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்.

வாந்தி நிக்காம வருது, தலவலி ஏறிட்டே போகுது, எழுப்பினா சரியா முழிக்கல, வலிப்பு, கை கால்ல பலமில்ல, கழுத்து வலின்னா காலைல கிளினிக் தொறக்கட்டும்னு காத்திருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு (ஏ அண்ட் ஈ), இல்ல ஆம்புலன்ஸுக்கு 995. அதெல்லாம் இல்லாத சாதாரண கன்கஷனா, மொத ஒண்ணு ரெண்டு நாள் ஓய்வு, ஃபோன் பாக்கறதக் கொறைங்க, அப்புறம் மெல்ல நடக்க விடுங்க. இருட்டு ரூம்ல வாரக்கணக்குல படுக்க வைக்கறது பழைய முறை. ஸ்கூல் பாடம் மொதல்ல பழையபடி வரணும், ஆட்டம் அதுக்கு அப்புறம். 19 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு ஆஸ்திரேலியாவோட 2024 வழிகாட்டுதல் அறிகுறி எல்லாம் போய் 14 நாள் கழிச்சுதான் மோதற ப்ராக்டிஸ், அடிபட்டு 21 நாளாச்சும் ஆகணும் மேட்ச் ஆடன்னு சொல்லுது. பெரியவங்க 11 நாள்ல வர்றாங்களேன்னு டிவியக் காட்டிக் கேப்பான், அவங்களுக்கு பக்கத்துலயே டாக்டர் டீம் இருக்கு, உனக்கு இல்லன்னு சொல்லுங்க.

அப்ப ஆடவே விடாதீங்கன்னு சொல்றனான்னா இல்ல. இங்க சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து ஆம்பள பொம்பள சேந்து டச் ரக்பி (புடிச்சு சாய்க்காம கையால தொட்டாலே போதும்) ஆடறாங்க இல்ல, அது 1960-கள்ல சவுத் சிட்னி பக்கம் லீக் ஆட்டக்காரங்களோட பயிற்சியில இருந்து வந்ததுதான். ஆறு டச், கீழ வெச்சு பந்த உருட்டறது, எல்லாமே லீக்கோட வாசன. சக்கர நாற்காலி லீக்ல தோள்ல ஒட்டியிருக்கற டேக்க (துணிப்பட்டி) பிடுங்கினா டேக்கிள், மாற்றுத்திறனாளி, இல்லாதவங்க, ஆண், பெண் எல்லாம் ஒரே டீம். 2022 உலகக் கோப்பை ஃபைனல்ல இங்கிலாந்து ஃபிரான்ஸ 28-24-னு ஜெயிச்ச மேட்ச்ச பாருங்க, சும்மா பொழுதுபோக்கு ஆட்டம்னு யாரும் சொல்ல மாட்டீங்க. மேல மோதறவங்க மோதட்டும், பெரியவங்க, தெரிஞ்சு எடுக்கற முடிவு அது. கீழ சின்னப் புள்ளைங்களுக்கு டச்சும் டேகும்தான் வாசலா இருக்கணும், டேக்கிள் பின்னால வரட்டும். லீக் நிர்வாகம் லாஸ் வேகாஸுக்கு செலவு பண்ற உற்சாகத்துல கொஞ்சத்த இதுல காட்டினா ஆட்டம் தப்பிக்கும்.

டேக்கிள் டீம்லதான் சேருவேன்னு புள்ள அடம் புடிச்சா கோச்ச பாத்து ரெண்டு விஷயம் கேளுங்க: டேக்கிள் அடிக்கறப்ப தலைய எந்தப் பக்கம் வைக்கணும்னு தனியா சொல்லிக் குடுப்பீங்களா, அடிபட்டா அன்னைக்கு அவனை வெளிய உக்கார வைக்கற அதிகாரம் யாருக்கு. ரெண்டாவது கேள்விக்கு "பையன்கிட்ட கேட்டு முடிவு பண்ணுவோம்"னு பதில் வந்தா, அந்த வருஷம் டச்சுக்கு அனுப்புங்க.