பானை ஓட்டுக்குப் புளி போடாதீர்கள்

சுங்கைப்பட்டாணி, பீடோங், மெர்போக் வட்டாரத் தோட்டங்களில் செம்பனை மறுநடவுக்கு மண்ணைக் கிளறினால் பானை ஓடு தலைகாட்டுவது அதிசயமில்லை. மலேசியாவின் கெடா மாநிலத்தில், பழங்கால வணிகத் தலமாக இருந்த பூஜாங் பள்ளத்தாக்கு இது. சோழர் மெய்க்கீர்த்தியில் வரும் கடாரம் இந்தப் பக்கம்தான் என்பதே பரவலான கருத்து. கிடைத்த ஓட்டைக் குத்துவிளக்கு துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்து, மைலோ டின்னில் போட்டு வைப்பதில்தான் காரியம் கெடுகிறது.

பச்சை மெருகுள்ள சீனத் துண்டைத்தான் எல்லாரும் பொறுக்குவார்கள். அடிக்கரி ஏறிய சாதாரணச் சட்டி ஓடோ அதைவிட அதிகம் பேசும். அந்தக் கரியைக் கொண்டே காலம் கணிக்கலாம். மெருகில்லாத ஓட்டின் நுண்துளைகளில் அன்று சமைத்த எண்ணெயும் கொழுப்பும் ஊறி நிற்கும். சவர்க்காரம் பட்டால் அதன் கொழுப்பும் உள்ளே கலந்துவிடும். புளியின் அமிலம் சுண்ணாம்புச் சத்தை அரித்துவிடும்.

ஒட்டியிருக்கும் மண்ணும் வேண்டும். சூளையில் வெந்தபோது, களிமண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்னும் படிக மணிகளில் அதுவரை சேர்ந்திருந்த கதிர்வீச்சுக் கணக்கு பூச்சியமாகிறது. பிறகு கதிர்வீச்சை வாங்கி வாங்கிச் சேமிக்கின்றன. ஆய்வகத்தில் 500 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் அதை ஒளியாக உமிழும்; அந்த ஒளியின் அளவைக் கொண்டு ஓட்டின் வயதைக் கணக்கிடலாம். அந்தக் கதிர்வீச்சில் ஒரு பங்கு, சுற்றி 30 செ.மீ.க்குள் இருந்த மண்ணிலிருந்து வந்தது. மண் போனால் கணக்கும் போச்சு.

பொங்கல் பானையைத் தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? ‘டங்’ என்றால் நல்லது, ‘டொக்’ என்றால் உள்ளே விரிசல். சுட்ட மண் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. குண்டு துளைக்காத கவசத்தில் வைக்கும் போரான் கார்பைடு என்னும் பீங்கான் தகட்டுக்கும் இதே குணம்தான். எடை எஃகில் மூன்றில் ஒரு பங்கு, கடினமோ பல மடங்கு. குண்டின் முனை அதில் மோதி நொறுங்கும், தகடும் சேர்ந்து நொறுங்கும், பின்னாலுள்ள நார் அடுக்கு சில்லுகளைப் பிடித்துக்கொள்ளும். தகட்டைத் தவறிக் கீழே போட்டால் மேலே ஒன்றும் தெரியாது. எக்ஸ்ரேயில்தான் விரிசல் தெரியும். பழைய ஓட்டிலும் அப்படி மயிரிழை விரிசல் இருக்கலாம். அதைத் தட்டிப் பார்க்காதீர்கள், வெந்நீரிலும் போடாதீர்கள்.

கண்டதும் எடுக்காமல், பக்கத்தில் 50 சென் காசை வைத்துப் படம் பிடியுங்கள். தரையிலிருந்து எவ்வளவு ஆழம் என்று டேப்பால் அளந்து, கைப்பேசியில் இடத்தைக் குறித்துக்கொண்டு மாவட்ட அதிகாரியிடம் சொல்லுங்கள். 2005ஆம் ஆண்டுத் தேசியப் பாரம்பரியச் சட்டப்படி அது கட்டாயம். ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதா? கழுவாமல் நிழலில் உலர்த்தி, அலுமினியத் தாளில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், அதன் வேதிப்பொருள் ஓட்டில் ஏறும். விவரத்தைத் தனித்தாளில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் ஊறிவிடும். சூப்பர் குளூ பக்கமே போக வேண்டாம்.

சுங்கை பத்து பக்கம் குழாய்போன்ற மண்துண்டு கிடைத்தால் பழைய சாக்கடைக் குழாய் என்று வீசிவிடாதீர்கள். ஒரு முனை கண்ணாடிபோல் உருகிக் கறுத்திருக்கிறதா பாருங்கள். இருந்தால், அது இரும்பு உருக்கிய உலைக்குக் காற்று ஊதிய துருத்திக் குழாயாக இருக்கலாம்.